மழை கொட்டும் பாலைவனம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கோப்பெங்குக்கு ஒட்டகம் வேண்டும். காட்சிக்கு ஒன்றிரண்டு போதாது, ஒரு மந்தையே வேண்டும். எங்கள் மணலுக்காக இதுவரை போட்ட மனு எதற்கும் உருப்படியான பதில் வந்ததில்லை. இனி ஒட்டகத்தை முன்னால் நிறுத்தி மனுப் போடலாம் என்று ஒரு யோசனை.

உலகத்தில் பாலைவனத்துக்கு இருக்கும் மரியாதையைப் பாருங்கள். 1994 ஜூன் 17-ஆம் தேதி, நிலம் பாலைவனமாவதைத் தடுக்கப் பாரிஸில் ஓர் ஐ.நா. உடன்படிக்கை பிறந்தது. அந்தத் தேதியையே உலக நாளாக்கி ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். 2024 டிசம்பரில் ரியாத்தில் அந்த உடன்படிக்கையின் பதினாறாவது மாநாடு நடந்தது. மலேசியாவும் அதில் உறுப்பு நாடுதான். கையெழுத்துக்கு எங்களிடம் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை.

ஆனால் கோப்பெங் அந்தப் பந்தியில் உட்கார முடியாது. உடன்படிக்கை கணக்கில் எடுத்துக்கொள்வது வறண்ட பூமிகளை மட்டும். ஓராண்டில் பெய்யும் மழையை, அதே ஆண்டில் வெயில் உறிஞ்சக்கூடிய நீரால் வகுத்தால் 0.05-க்கும் 0.65-க்கும் நடுவில் வரவேண்டும். எங்கள் ஊரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வகுத்துப் பார்த்தால் ஒன்றைத் தாண்டிப் போகிறது. மழை பெய்து பெய்தே எங்களைப் பாலைவனத் தேர்வில் பெயிலாக்கிவிட்டது. உலகம் பார்த்துக் கண்ணீர் விட வேண்டுமென்றால் வானம் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். அது ஒத்துழைக்க மறுக்கிறது.

நம்பாதவர்கள் ஒரு நாள் வாருங்கள். பழைய ஈயச் சுரங்கமான லம்பத்துப் பக்கம், மதியம் இரண்டு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். வெள்ளைச் சீனியைக் கொட்டிப் பரப்பியது போல் மணல் கிடக்கும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஓடிவிடும், உள்ளங்கையில் அழுக்குக்கூட ஒட்டாது. ஒட்டுவதற்கு அதில் ஏதாவது இருந்தால்தானே? நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெறும் மணல். தழைச்சத்து இல்லை, மட்கு இல்லை, உரத்தைப் பிடித்து வைக்கும் களி இல்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் மழை அடித்து ஊற்றும். சாலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மணலிலோ, மழை விட்ட கொஞ்ச நேரத்தில் மேல்தரை உலர்ந்துவிடும். போட்ட உரமும் அந்த மழையோடு கீழே இறங்கிப் போயிருக்கும். எதையும் பொருட்படுத்தாமல் முளைக்கிற லாலாங் புல்கூட இங்கே திட்டுத் திட்டாகத்தான் நிற்கிறது.

இந்தப் பாலைவனத்தைக் கடவுள் படைக்கவில்லை. பங்குச் சந்தையில் விலை போட்டுச் செய்தார்கள். 1890-களில் கார்ன்வால் மாவட்டத்து ரெட்ரூத் ஊர்க்காரர்கள் பணம் போட்டார்கள். ஆஸ்பர்ன் என்ற வெள்ளைக்காரர் கோப்பெங் மலைகளிலிருந்து பெரிய இரும்புக் குழாய்களில் தண்ணீரை இறக்கினார். உயரத்திலிருந்து வரும் நீருக்கு என்ஜின் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். குழாயின் வாயில் பீரங்கி மாதிரி ஒரு மூக்கைப் பொருத்திக் குன்றைப் பார்த்துத் திருப்பினால் குன்று சேறாகக் கரைந்து இறங்கும். அந்தச் சேற்றை, மரச் சட்டங்களால் உயரமாகக் கட்டிய பாலோங் என்ற சாய்வு ஓடையில் ஏற்றி ஓடவிடுவார்கள். கனமான ஈயம் ஓடையின் குறுக்குத் தடுப்புகளில் தங்கும். மற்றதெல்லாம் போய்ச் சேரும் இடத்தைப் பற்றிக் கம்பெனிக்குக் கவலையில்லை.

அந்த மற்றதெல்லாம்தான் மண். கன மீட்டர் மண்ணுக்குச் சில நூறு கிராம் ஈயத்துக்காக ஒட்டுமொத்தத்தையும் தலைகீழாகக் கழுவி விட்டார்கள். மணல் கனம், அது பக்கத்திலேயே விழுந்து வெள்ளை மேடானது. களி லேசு, அது மிதந்து போய்க் குட்டைகளில் படிந்து, கால் வைத்தால் இடுப்புவரை இழுக்கிற சேறானது. அதிலும் தப்பியது ஆற்றில் கலந்தது. சிலாங்கூரில் கோலகுபு என்று ஓர் ஊர் இருந்தது. லம்பத்து வண்டல் ஆற்றை நிரப்பி, வெள்ளம் ஊரை நிரப்பி, கடைசியில் ஊரையே வேறு இடத்துக்குத் தூக்கிக் கோலகுபு பாரு என்று பெயர் வைத்தார்கள். மணலும் களியும் சேர்ந்திருந்தவரை அதற்கு மண் என்று பெயர். பிரித்தபின் ஒன்றில் எதுவும் முளைக்காது, மற்றதில் எதுவும் நிற்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்து ஈயத்தில் பாதிக்கு மேல் இந்த மலாய் மாநிலங்களிலிருந்து போனதாகப் பாடப்புத்தகம் பெருமையோடு சொல்கிறது. ஈயம் போனது சரி. ரெட்ரூத்துக்கு லாப ஈவும் போனது. மணல் மட்டும் எங்கும் போகவில்லை, எங்களோடுதான் இருக்கிறது.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கையை விரித்தது. விலை விழுந்தது, லம்பங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மூடின. தண்டவாளத்தையும் பம்பையும் பழைய இரும்புக்கு விற்றார்கள். மண்ணை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை. நாடு முழுக்க இப்படிக் கழுவிப் போட்ட நிலம் சுமார் 113,700 ஹெக்டேர் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் கணக்குச் சொல்கின்றன. பெரும்பங்கு பேராக்கில். கணக்கு எழுதியவர்களுக்கு நன்றி. அது கடன் கணக்கா, எழுதித் தள்ளிவிட்ட கணக்கா என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.

சரி, அதெல்லாம் ஈயம், சீனரும் வெள்ளைக்காரரும் செய்தது, தமிழனுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் தோட்டத்துக்கு வாருங்கள். மேட்டு நிலத்தில் ரப்பர். அந்தக் காலத்துத் துரைமார்களுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. மரத்துக்கு மரம் நடுவில் ஒரு புல் முளைத்தாலும் நிர்வாகம் சரியில்லை என்று பொருள். காட்டை அழித்த சரிவில், வெப்பமண்டல மழைக்கு நேராக, தரையை மொட்டையடித்துப் பளபளவென்று வைக்க வேண்டும். அதற்காகவே எங்கள் பாட்டிமார்கள் கங்காணியின் அதட்டலுக்கு நடுவே நாள் முழுக்கக் குனிந்து புல் வெட்டினார்கள். பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நாள்சம்பளம் வாங்கி, மேல்மண்ணை ஆற்றுக்கு அனுப்பி வைத்தார்கள். பல ஆண்டு மண் ஓடி முடிந்த பிறகு தரையை மூட வேண்டும் என்ற ஞானம் பிறந்தது. புவெராரியா, சென்ட்ரோசீமா, கலோபோகோனியம் என்று கொடி விதைகளை வரவழைத்துத் தூவினார்கள். அதே பாட்டிமார்கள் இப்போது அதே தரையில் கொடி நட்டார்கள். வெட்டியதற்கும் கூலி, நட்டதற்கும் கூலி. இரண்டு கூலியும் சேர்ந்து லயத்துக் கடையில் கடனை அடைக்கப் போதவில்லை என்பதை மட்டும் மண்ணியல் புத்தகத்தில் எழுத மறந்துவிட்டார்கள்.

பிறகு குனியும் வேலையையும் ஒழித்தார்கள். முதுகில் தொட்டியை மாட்டிவிட்டு மருந்தடிக்கச் சொன்னார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி. நகம் கழன்ற பெண்களும் மூக்கில் ரத்தம் வழிந்த பெண்களும் செம்பனைக் காட்டில் பெருகினார்கள். 2002-இல் அரசு அதற்குத் தடை சொன்னது. 2006-இல் மறுபடி அனுமதித்தது. முழுத் தடை 2020 ஜனவரியில்தான் வந்தது. ஒரு விஷம் விஷம்தான் என்று முடிவு செய்யப் பதினெட்டு ஆண்டு. மண்ணுக்குள் இருந்த புழுவுக்கும் மண்ணின் மேல் நடந்த பெண்ணுக்கும் இந்த விஷயத்தில் பாகுபாடே காட்டவில்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

பத்து காஜா சாலையில் கெல்லி கோட்டை இருக்கிறது. பாதியில் நின்ற மாளிகை. 1926-இல் லிஸ்பனில் இறந்துபோன ஒரு தோட்ட முதலாளிக்கு இன்றைக்கும் டிக்கெட் போட்டு ஆட்கள் வருகிறார்கள். ஆவி உலாவுகிறதாம். பக்கத்து மாரியம்மன் கோயில் கூரையில் அவருக்கும் ஒரு பொம்மை வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். ஆவியாக உலாவுவதற்குக்கூடக் கோட்டை வைத்திருக்க வேண்டும். புல் வெட்டிய பாட்டிமார்கள் எங்கே உலாவுவார்கள்? லயத்தை இடித்துவிட்டார்களே.

ஈயத்தைக் கழுவியதிலும் கடைசிக் கழிவு ஒன்று உண்டு. அமாங் என்பார்கள். ஈயத்தோடு தங்கும் கறுப்பு மணல், அதில் மோனசைட், அதற்குள் தோரியம். அதையும் விட்டுவைக்கவில்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் 1982-இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி அதில் பங்காளி. கதிரியக்கக் கழிவைக் கண்டு கிராமத்து மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. 1994-இல் ஆலை தானாக மூடிக்கொண்டது. கழிவைப் புதைத்து முடிக்கும் வேலை அதற்குப் பிறகும் பல ஆண்டு நீண்டது. பாடம் படித்துவிட்டோமா? படித்துவிட்டோம். இப்போது உலு பேராக்கின் கெனெரிங்கில் மலையைத் தோண்டாமலே துளை போட்டு அமோனியம் சல்பேட் கரைசலை இறக்கி, அதே அரிய மண் தாதுக்களைக் கரைத்து எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். முன்னோடித் திட்டமாம். இந்த மாநிலத்தில் முன்னோடித் திட்டங்களுக்கு மட்டும் என்றும் பின்னோடி கிடையாது.

இனி விழாவுக்கு வருவோம். மணலை மீட்கும் விழா.

2021 ஜனவரியில் பத்துக் கோடி மரம் நடும் இயக்கம் தொடங்கியது. ஐந்தாண்டு இலக்கு. நட்ட மரத்தை இணையத்தில் பதியவும் வழி இருந்தது. பிறப்புப் பதிவு நடந்த இடத்தில் இறப்புப் பதிவுக்கும் ஒரு மேசை போட்டிருக்கலாம். நான் சொல்லப்போவது எந்த ஒரு குறிப்பிட்ட விழாவும் அல்ல. எந்த லம்பத்துக்குப் போனாலும், எந்த ஒய்.பி. வந்தாலும் சடங்கு மாறுவதில்லை, அதனால் பெயர் தேவைப்படாது.

முதலில் கூடாரம். கூடாரத்துக்குள் காற்றாடி. முன்வரிசையில் வெள்ளைத் துணி மூடிய சோபா, அதன் முன் தண்ணீர் போத்தல், போத்தலின் கழுத்தில் ரிப்பன். மக்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாருக்கும் ஒரே பச்சையில் டீ-சட்டை. சட்டையின் முதுகில் உதவிய கம்பெனிகளின் சின்னங்கள். அவற்றில் ஒன்றாவது மணல் எடுக்கிற கம்பெனியாக இல்லாவிட்டால் அன்றைக்கு விழா நடத்தியவருக்குத் திறமை போதாது. குழி முந்தின நாளே வெட்டியாகிவிட்டது. வெட்டியவர் வங்காளதேசத்து இளைஞர், அவருக்குச் சட்டை கொடுக்கவில்லை. குழிக்குள் மணல் தெரியாது. லோரியில் மூட்டை மூட்டையாக வந்த கறுப்பு மண்ணை நிரப்பியிருப்பார்கள். மணலில் மரம் நடுகிறோம் என்று மைக்கில் சொல்லிவிட்டு, கடையில் வாங்கிய மண்ணில்தான் நடுகிறார்கள். அந்த மண்ணை எந்த மேட்டிலிருந்து வெட்டினார்கள், அந்த மேடு இப்போது எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த ஆண்டு அங்கேயும் ஒரு விழா நடத்த வேண்டியிருக்கும்.

மண்வெட்டியின் பிடியில் ரிப்பன். நான்கு பேர் சேர்ந்து ஒரு கன்றைப் பிடிக்கிறார்கள். கேமராக்காரர் "இன்னொரு தடவை, டத்தோ" என்கிறார். டத்தோ இன்னொரு தடவை அதே மரத்தை நடுகிறார். கன்றின் கறுப்புப் பையைக் கிழித்துவிட்டு நட வேண்டும் என்பது தோட்டத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இங்கே பையோடு இறக்கிவிட்டார்கள். கிழித்தால் கை அழுக்காகும், அடுத்து நாசி லெமாக் சாப்பிட வேண்டும். பையோடு புதைத்த கன்றின் பக்கத்தில் பெயர்ப்பலகை நடுகிறார்கள். இன்னார் நட்ட மரம், இந்தத் தேதி. கன்றைவிடப் பலகை உயரம். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பலகைகள் வரிசையாக, நல்ல ஆரோக்கியத்தோடு நிற்கும். பலகைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் பாருங்கள். மணலில் வேர் பிடித்த ஒரே இனம் அதுதான்.

எனக்கு ஆத்திரம் விழாவின் மேல் அல்ல. விழா எல்லா ஊரிலும் உண்டு. இந்த மணலை மீட்க முடியாது, அது பெரிய விஞ்ஞானம், அதற்கு நிதி வேண்டும், வெளிநாட்டு நிபுணர் வேண்டும் என்று பேசுகிறார்களே, அந்தப் பேச்சின் மேல்தான் ஆத்திரம். மீட்க முடியும். மீட்டும் இருக்கிறார்கள். கோப்பெங்கிலிருந்து தெற்கே போனால் பீடோரில் நாட்டின் வன ஆராய்ச்சிக் கழகமே ஈயமணலில் காடு வளர்க்கும் நிலையம் வைத்திருக்கிறது. ஆழமாகக் குழி எடுத்து, மட்கு போட்டு, பயறு வகை மரங்களை முதலில் நிறுத்தி நிழலும் சருகும் சேர்த்து, பிறகு காட்டு மரங்களைக் கொண்டுவந்தால் மணலிலும் காடு நிற்கும் என்று அங்கே காட்டியிருக்கிறார்கள். மணலோடு குட்டையின் களியைக் கலந்து, மேலே எருவைப் போட்டால் பிரித்ததைத் திரும்பச் சேர்த்த மாதிரி. அதில் ரகசியம் எதுவும் இல்லை. வேண்டியது எரு, நிழல், பிறகு நாள். பத்து ஆண்டு, இருபது ஆண்டு.

படித்தவர்களுக்கு முன்பே இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். மலாயா அவசரகாலத்தில் வேலி போட்டுக் கொண்டுவந்து குடியேற்றிய லாவான் கூடா மாதிரியான புதுக் கிராமத்துச் சீனக் குடும்பங்கள், வேறு நிலம் இல்லாததால், லம்பத்து மணலில் கோழி எருவைக் கொட்டிக் கொட்டிக் கீரை போட்டார்கள். எங்கள் கிந்தா பள்ளத்தாக்கின் சந்தைகளில் கீரையும் கொய்யாவும் பம்பளிமாசும் இப்படித்தான் வந்தன. குட்டையில் மீன், கரையில் வாத்து. தோட்டத்தை விற்று லயத்தை இடித்தபோது போக்கிடம் இல்லாமல் வந்த நம் ஆட்கள் குட்டை ஓரத்தில் மாட்டுக் கொட்டாய் போட்டார்கள். யாரும் அவர்களுக்குச் சட்டை கொடுக்கவில்லை, பலகை நடவில்லை.

அப்படி ஒரு தாத்தா. பழைய பால்வெட்டுக்காரர். பெயர் வேண்டாம், பெயர் போட்டால் அவருக்குத்தான் கடிதம் வரும். ஒட்டக யோசனையை முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

"என்னாது, ஒட்டகமா? மாட்டுக்கே பெர்மிட்டு கேட்டு உயிர எடுக்கிறானுங்க. ஒட்டகத்துக்கு என்னா கேப்பானுங்களோ, பாஸ்போர்ட்டா?"

அவருடைய கொல்லையில் வாழை நிற்கிறது, மரவள்ளி, முருங்கை, ஓரத்தில் செம்பருத்தி. ஒரு குச்சியை எடுத்துத் தரையைக் கீறிக் காட்டினார். மேலே ஒரு சாண் கறுப்பு. மாட்டுச் சாணி, வெட்டிப் போட்ட புல், சாமில்லில் இலவசமாகக் கிடைத்த மரத்தூள், வாழைச்சருகு, இத்தனை காலம் எல்லாம் மட்கிச் சேர்ந்த கறுப்பு. அதற்குக் கீழே கத்தி வைத்து அறுத்த மாதிரி வெள்ளை மணல். கறுப்புக்குள் ஒரு மண்புழு நெளிந்தது.

"வந்த புதுசுல இங்க எறும்புகூட கெடையாது, ஐயா," என்றார். என்னைவிட இரு மடங்கு வயது, என்னை ஐயா என்கிறார். தோட்டத்துப் பழக்கம், பேனா வைத்திருப்பவனெல்லாம் கிராணி.

"நெலத்துக்குக் கிரண்ட் இருக்கா தாத்தா?"

"எங்க கிரண்ட்டு? முன்ன டி.ஓ.எல். கட்டுனேன். ஒரு வருசம் ஆபீஸ்ல வாங்கல. மறு வருசம் போனா பைலக் காணோம்னானுங்க."

இந்த டி.ஓ.எல். பற்றி வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்று ஒன்று உண்டு. அரசு நிலத்தில் பயிர் வைக்கக் கட்டணம் கட்டி வாங்குவது. அதன் ஆயுள் அந்த ஆண்டு முடியும்வரைதான். டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவோடு செத்துப்போகும், மறுபடி கேட்டு வாங்க வேண்டும். மகனுக்கு எழுதி வைக்க முடியாது. வாங்கியவர் இறந்தால் உரிமமும் அவரோடு போய்விடும். இப்போது யோசியுங்கள். மணல் மண்ணாக இருபது ஆண்டு பிடிக்கும், காகிதத்துக்கு ஆயுள் பன்னிரண்டு மாதம். ஜனவரியில் எருவைக் கொட்டுகிறவனுக்கு அடுத்த ஜனவரியில் அந்த எருவின் மேல் நிற்க உரிமை இருக்குமா என்று தெரியாது. இந்தச் சட்டத்தின் கீழ் ஒருவன் மண்ணைத் திருத்துகிறான் என்றால் அவன் ஞானியாக இருக்க வேண்டும், அல்லது வேறு போக்கிடம் இல்லாதவனாக இருக்க வேண்டும். கிந்தாவில் ஞானிகளைத் தேடிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

உரிமம் இல்லாமல் எரு போட்டாலோ, அவன் ஆக்கிரமிப்பாளன். அரசு நிலத்தை ஆக்கிரமித்தால் 5 லட்சம் வெள்ளிவரை அபராதம், ஐந்தாண்டுவரை சிறை. நிலத்தை நூறு ஆண்டு கழுவிக் குடைந்து விட்டுப்போனவருக்கு என்ன தண்டனை என்று அதே சட்டத்தில் தேடினேன். அவர்களிடம் உரிமம் இருந்ததாம். உரிமத்தோடு அழிக்கலாம், உரிமம் இல்லாமல் வளர்க்கக் கூடாது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு.

இன்னொரு கண்கட்டும் நடக்கிறது. மணலாகக் கிடக்கும்வரை அந்தத் திசைக்கு எந்த அதிகாரியும் காரைத் திருப்ப மாட்டார். பச்சை தெரிய ஆரம்பித்ததும் நில அலுவலகத்துக்கு ஞாபகம் வரும், அட, இது நம் நிலமல்லவா! பேராக்கின் காந்தானில் என்ன நடந்தது? சில்வர் வேலி தொழில்நுட்பப் பூங்கா வருகிறது என்று சொல்லி, 2023 அக்டோபரில் விவசாயிகளின் பயிர் மேல் மண்வாரி இயந்திரத்தை ஏற்றினார்கள். குறுக்கே நின்றவர்களைப் போலீஸ் கைது செய்தது. தலைமுறையாகப் பயிர் செய்தவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், மாற்று நிலம் கேட்டார்கள். பூங்காவாம்! கீரை நின்ற இடத்தைச் சமப்படுத்தி வைக்கப் போகும் பூங்காவுக்கு வெள்ளிப் பள்ளத்தாக்கு என்று பெயர் வேறு. ஈயத்தைக் கழுவி எடுத்த பள்ளத்தாக்கில் இனி வெள்ளியைத் தேடுகிறார்கள். கீரை தங்கமாக விலை விற்கிறபோது, "உணவுப் பாதுகாப்பு" மாநாட்டுக்கும் அதே சோபா, அதே ரிப்பன் போத்தல்.

பணக்காரக் கைக்கு லம்பம் போனால் மட்டும் மீட்பு வேகமாக நடக்கிறது. சிலாங்கூரில் ஈயக்குழி சன்வே நீர்விளையாட்டுப் பூங்காவாயிற்று, உலகத்திலேயே பெரிய திறந்தவெளி ஈயக்குழி ஒன்று ஏரிக்கரை உல்லாச நகரமாயிற்று. துரோனோவிலும் கம்பாரிலும் பல்கலைக்கழகங்களே லம்பத்து நிலத்தில் நிற்கின்றன. அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை, பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் அவர்களில் யாரும் டிசம்பர் 31-ஆம் தேதி இரவு உரிமம் முடிகிறதே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தொண்ணூற்றொன்பது ஆண்டுப் பட்டா மண்ணுக்குப் போடுகிற முதல் எரு. அதை விழாவில் யாரும் பொட்டலம் கட்டிக் கொடுப்பதில்லை.

இதற்கிடையில் மணலுக்கே புது விலை வந்துவிட்டது. எதற்கும் உதவாது என்று சபிக்கப்பட்ட வெள்ளை மணல் கண்ணாடிக்கும் கட்டடத்துக்கும் ஏற்ற சரக்காம். பத்து காஜா பக்கத்துப் பழைய குட்டைகளில் நாரைகளும் கொக்குகளும் தாமாக வந்து குடியேறிக் கூடு கட்டியிருந்தன. மணல் லோரிகள் அங்கேயும் மோப்பம் பிடித்துப் போய்விட்டன. முதலில் மண்ணிலிருந்து ஈயத்தை எடுத்தோம். பிறகு ஈயக் கழிவிலிருந்து அமாங்கை எடுத்தோம். இப்போது எஞ்சிய மணலையும் அள்ளுகிறோம். அடுத்து குழியைத்தான் விற்க வேண்டும். 2018-இல் கிந்தா பள்ளத்தாக்கைத் தேசியப் புவிப்பூங்கா என்று அறிவித்திருக்கிறார்கள். குழிக்கு நல்ல விலை போகும்.

ஒட்டகத்தைப் பற்றித் தாத்தாவின் கருத்து வேறு. ஒட்டகச் சாணி காய்ந்து கல் மாதிரி இருக்குமாமே, அதை வைத்து என்ன செய்வது, மாட்டையே விடச் சொல்லுங்கள் என்கிறார். அவருக்கு வேறு ஒரு மனு வேண்டும். எழுதித் தரச் சொல்லி என்னை உட்கார வைத்தார். தலைப்பு மட்டும் மலாயில் சரியாக இருக்க வேண்டுமாம், மற்றதை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

அது மனு அல்ல, பில். மேற்படி அரசு நிலத்தில் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை கொட்டிய மாட்டுச் சாணி இத்தனை மூட்டை, மூட்டை ஒன்றுக்கு இன்றைய நர்சரி விலை இவ்வளவு. புல் வெட்டிய கூலி, தோட்டத்துப் பழைய நாள்சம்பளக் கணக்கில், சலுகை விலை. மரத்தூள் இலவசம், அதற்குக் காசு கேட்கவில்லை. நிலம் தங்களுடையது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். மணல் தங்களுடையது, அதைக் கீழே அப்படியே வைத்திருக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளவும். மேலே உள்ள ஒரு சாண் மட்டும் என்னுடையது. காலி செய்யச் சொன்னால், அதை எடுத்துப் போக லோரி வாடகையைத் தாங்கள்தான் தர வேண்டும்.

கட்டைவிரல் ரேகை வைக்கட்டுமா என்று கேட்டார், கையெழுத்தே போதும் என்றேன். போன திங்கட்கிழமை நேரில் கொண்டுபோனார். கவுண்டரில் இருந்த பெண்பிள்ளை நல்ல பிள்ளையாம். பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு, இது எந்தப் பிரிவில் வரும் என்று தெரியவில்லை, ஆக்கிரமிப்பு என்றால் மூன்றாவது மாடி, நன்கொடை என்றால் கீழ்த்தளம் என்று சொல்லியிருக்கிறது. தாத்தா மூன்றாவது மாடிக்கு ஏறவில்லை. முழங்கால் வலி. பில் இப்போது என் மேசையில் இருக்கிறது, சாணிக்கு வட்டி எவ்வளவு விழுக்காடு போடலாம் என்று நேற்றுக்கூட போன் போட்டுக் கேட்டார்.